12 மாத வாடகை என்று ஒன்று கிடையாது: வீடு வாடகைக்கு விடப் போகிறவர்களுக்கு

முதலில் சிங்க் கதையைச் சொல்லிவிடுகிறேன், நான் சொல்லப் போகிற மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

என் இரண்டாவது வீட்டில் ஒரு குடும்பம் மூன்று வருடம் இருந்தது. ஒன்றாம் தேதி காலையிலேயே பணம் கணக்கில் ஏறிவிடும். ஒரு போன் கிடையாது, ஒரு புகார் கிடையாது. தங்கமான ஆட்கள் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர்கள் காலி செய்த அன்று சாயங்காலம் சமையலறை சிங்க்குக்குக் கீழே இருந்த அலமாரிக் கதவைத் திறந்தேன், கதவு கீலோடு கையில் வந்துவிட்டது. உள்ளே பலகை ஊறி உப்பிப்போய், விரலை வைத்து அழுத்தினால் ஈர மண்ணில் போவதுபோல உள்ளே போனது. பின்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம். அதே சுவரின் மறுபக்கம் படுக்கையறை, அங்கே பெயின்ட் செதில் செதிலாக உரிந்து, அதை மறைக்க ஒரு நாட்காட்டி. காரணம் என்ன தெரியுமா? சிங்க்கின் கழிவுக்குழாய் இணைகிற இடத்தில் இருக்கும் ரப்பர் வாஷர். ஒரு நாணயம் அளவுதான் இருக்கும்.

அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். "எப்போலேர்ந்தும்மா ஒழுகுது?" என்றேன்.

"ஒரு எட்டு மாசம் இருக்கும் சார். கீழே வாளி வெச்சு வெச்சு எடுத்துட்டிருந்தோம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "வந்த புதுசுல கீசர் ஓடலைன்னு சொன்னப்போ நீங்க ரொம்ப சலிச்சுக்கிட்டீங்க. அதான் எதுக்கு வம்புன்னு விட்டுட்டோம்" என்றார்.

எனக்கு அந்தக் கீசர் போன் நினைவுகூட இல்லை. ஏதோ வேலையில் இருந்திருப்பேன், "இப்பத்தானே வந்தீங்க, அதுக்குள்ளயா?" என்று கேட்டிருப்பேன். அந்த ஒரு சலிப்புக்காக அலமாரியை மாற்றினேன், சுவரைக் கொத்திப் பூசினேன், இரண்டு அறைக்குப் பெயின்ட் அடித்தேன், சுவர் காய்கிற வரைக்கும் ஒன்றரை மாதம் வீட்டைப் பூட்டி வைத்திருந்தேன். குடியிருப்பவர் ஏமாற்றிவிடுவாரோ என்று பயந்துதான் பலரும் இந்த வேலைக்குள் வருகிறார்கள். ஏமாற்றுகிறவர்கள் உண்டுதான். ஆனால் என் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால், போன பணத்தில் பெரும்பங்கு விஷயம் என் காதுக்குத் தாமதமாக வந்ததால் போனது. ஆள் பார்ப்பது, ஒப்பந்தம் எழுதுவது, ரிப்பேர் பார்ப்பது எல்லாவற்றையும் நான் இப்போது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் செய்கிறேன்: ஏதாவது கெட்டால் இவர் எனக்கு உடனே சொல்வாரா?

கணக்கை முதலில் போட்டுவிடுங்கள்

வாடகைக்கு விடலாம் என்று நினைக்கிற எல்லாரும் செய்கிற முதல் காரியம், மாத வாடகையை 12-ஆல் பெருக்குவது. அந்தத் தொகையை நான் முழுசாகக் கண்ணால் பார்த்த வருடங்கள் குறைவு. மாத வாடகை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கு 1,200. ஒருவர் காலி செய்து அடுத்தவர் வர ஒரு மாதம் ஆனாலே 100 போயிற்று, அதாவது வருட வருமானத்தில் 8.3 சதவீதம். சொத்து வரி, காப்பீடு, கட்டடத்தின் பொதுப் பராமரிப்புக்குக் கட்டுகிற பணம், பெயின்ட், குழாய், மின்வேலை, வருமான வரி, கடன் இருந்தால் வட்டி, இதெல்லாம் அதற்கு மேல்.

நான் 11-ஆல்தான் பெருக்குவேன். அதிலும் ஒரு மாத வாடகையை ரிப்பேருக்கென்று தனிக் கணக்கில் போட்டுவிடுவேன், பழைய கட்டடமாக இருந்தால் ஒன்றரை மாதம். மிச்சத்தில் வரியெல்லாம் போக மாதத் தவணை கட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால் வீட்டின் விலை ஏறும் என்று நம்பி மாதாமாதம் கைக்காசைப் போடுகிறீர்கள் என்று அர்த்தம். தெரிந்து செய்தால் தப்பில்லை, தெரியாமல் செய்கிறவர்கள்தான் இரண்டாவது வருடம் முழிக்கிறார்கள்.

ரிப்பேர் செலவு மாதாமாதம் சீராக வந்தால் நன்றாக இருக்கும், வராது. இரண்டு வருடம் ஒன்றுமே இருக்காது, மூன்றாவது வருடம் மோட்டார் எரியும், அதே மாதம் கீசர் டேங்க் ஓட்டையாகும், மழைக்கு மேல்தளம் ஒழுகும். அந்தத் தனிக் கணக்கு நிரம்பிக்கிடப்பதைப் பார்த்து "சும்மாதானே கிடக்கிறது" என்று எடுத்துச் செலவழித்துவிடாதீர்கள். முன்பணமும் அப்படித்தான், அது உங்கள் வருமானம் இல்லை, திருப்பித் தர வேண்டிய கடன். அதை வேறு எதிலோ போட்டுவிட்டு, புதிதாக வருகிறவரிடம் வாங்கிப் பழையவருக்குக் கொடுக்கலாம் என்று இருக்கும் ஓனர்கள் ஏராளம். புதியவர் வரத் தாமதமானால் நிலைமை ரொம்ப அசிங்கமாகிவிடும்.

வாடகை ஏற்றும்போது ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 5 சதவீதம் ஏற்றுகிறீர்கள். கோபித்துக்கொண்டு அவர் காலி செய்துவிடுகிறார், ஒரு மாதம் வீடு சும்மா கிடக்கிறது, அப்புறம் நீங்கள் கேட்ட வாடகைக்கே ஆள் வந்துவிடுகிறார். இழந்த அந்த ஒரு மாதத்தை மீட்க 20 மாதம் ஆகும். பெயின்ட் செலவும் விளம்பரமும் தரகும் இதில் சேரவில்லை. ஏற்றவே கூடாது என்று சொல்லவில்லை, விலைவாசி ஏறும்போது நாமும் ஏற்றித்தான் ஆக வேண்டும், ஆனால் ஒழுங்காக இருக்கும் ஒருவரிடம் சந்தை விலைக்குக் கொஞ்சம் கீழேயே வைத்திருப்பதை நஷ்டமாக நான் நினைப்பதில்லை. எவ்வளவு ஏறும், எப்போது ஏறும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் வருடா வருடம் முகத்தைப் பார்த்துப் பேசுகிற சங்கடமும் போய்விடும்.

இன்னொன்று, யாரும் கணக்கில் சேர்க்காதது: உங்கள் நேரம். சாவி கொடுக்க, ஆள் காட்ட, பிளம்பருக்குக் காத்திருக்க என்று போகிற மணிகளை ஒரு வருடம் குறித்து வைத்துப் பாருங்கள். நான் குறித்துப் பார்த்த பிறகுதான், வேறு ஊரில் இருந்த ஒரு வீட்டை விற்றேன்.

ஆள் பார்ப்பது

அவசரப்பட்டு ஆள் வைத்ததுதான் நான் செய்த தப்புகளில் பாதி. வீடு பூட்டிக் கிடக்கும்போது தினமும் காசு சொட்டுகிற மாதிரி இருக்கும், முதலில் வந்தவருக்கே கொடுத்துவிடத் தோன்றும். ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் ஒரு மாத வாடகைதான் நஷ்டம். தப்பான ஆள் வந்து, வாடகையும் தராமல், காலியும் செய்யாமல், வழக்கு என்று போனால் எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியாது.

வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்குப் போகிற நிலையில் இருப்பவருக்கு, ஏதாவது ஒரு மாதம் கண்டிப்பாக இடிக்கும், அது அவர் கெட்டவர் என்பதால் இல்லை. சம்பளச் சீட்டோ வங்கிக் கணக்கோ பார்ப்பது அவமரியாதை கிடையாது, தயங்காமல் கேளுங்கள். அப்புறம் முன்பு குடியிருந்த வீட்டு ஓனரிடம் பேசுங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இப்போது இருக்கிற வீட்டின் ஓனர், ஆளை எப்படியாவது அனுப்பினால் போதும் என்றிருந்தால் உங்களிடம் ஆகா ஓகோ என்பார். அதற்கு முந்தின வீட்டு ஓனருக்கு இனி எந்த லாபமும் இல்லை, அவர் சொல்வது நிஜமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வீடு பார்க்க வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கிற ஒரு கேள்வி, "கடைசியாக இருந்த வீட்டில் என்ன ரிப்பேர் வந்தது, என்ன செய்தீர்கள்?" ஓனரிடம் சொன்னேன், வரவில்லை, திரும்பச் சொன்னேன் என்கிறவர் எனக்கு வேண்டும். "அதெல்லாம் நாங்களே பார்த்துக்குவோம் சார், உங்களைத் தொந்தரவே பண்ண மாட்டோம்" என்கிறவரைப் பார்த்தால் எனக்கு இப்போது அந்த வாளி ஞாபகம் வந்துவிடுகிறது. வந்ததும் குழாயைத் திறந்து பார்க்கிற, சுவிட்சைப் போட்டுப் பார்க்கிற, ஜன்னல் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்க்கிற ஆட்களைச் சில ஓனர்களுக்குப் பிடிக்காது, குறை கண்டுபிடிக்கிறார்கள் என்று. எனக்கு அவர்கள்தான் வேண்டும்.

மதம், இனம், என்ன சாப்பிடுகிறார்கள், கல்யாணம் ஆகிவிட்டதா என்பதையெல்லாம் வைத்து ஆள் தேர்வு செய்யாதீர்கள், மதம், இனம் பார்ப்பது பல நாடுகளில் சட்டவிரோதம். சட்டத்தை விடுங்கள், ஒன்றாம் தேதி வாடகை வருமா வராதா என்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சொந்தக்காரர்களுக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் வீடு கொடுப்பதைப் பற்றி நான் நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு முறை கொடுத்தேன். நாலு மாத பாக்கி. விசேஷத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. போனது போனதுதான்.

விளம்பரத்தில் வீட்டின் குறைகளையும் எழுதுங்கள். தெருச் சத்தம் இருக்கும், மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் இல்லை, இரண்டாவது அறை சின்னது, எதுவாக இருந்தாலும் சரி. பார்க்க வருகிறவர்கள் குறைவார்கள், ஆனால் வருகிறவர்கள் எடுக்கிற மனதோடு வருவார்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்கள் போதும், அகலமாகக் காட்டுகிற லென்ஸ் போட்டு அறையைப் பெரிதாக்கினால் நேரில் வந்ததும் முகம் சுருங்கிப் போகும், அவ்வளவுதான் பலன்.

சாவி கொடுக்கிற நாள்

இந்த நாளுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு ஓடி வராதீர்கள். இதைச் சரியாகச் செய்தால் காலி செய்கிற அன்று வருகிற சண்டைகளில் முக்கால்வாசி வராது.

நான் செய்வது இதுதான். குடிவருகிறவரோடு சேர்ந்து வாசலில் தொடங்கி அறை அறையாக நடப்போம். ஒருவர் போனில் வீடியோ எடுப்பார், இன்னொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வருவார்: ஹாலில் ஜன்னலுக்குக் கீழே ஒரு கீறல், இந்த டைல்ஸில் மூலை உடைந்திருக்கிறது, பாத்ரூம் கதவு அடியில் கொஞ்சம் ஊறியிருக்கிறது. ஒவ்வொரு குழாயையும் திறந்து ஓடவிட்டு மூடுவது, ஃப்ளஷை ஒரு தடவை அழுத்துவது, எல்லா சுவிட்சையும் போடுவது, அடுப்பு மேடைக்கும் சிங்க்குக்கும் அடியில் டார்ச் அடித்துக் காட்டுவது. கடைசியில் மின்மீட்டர், தண்ணீர் மீட்டர் எண்கள். வீடியோவின் நகல் இருவரிடமும் இருக்கும், குறைகளை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம். ஏற்கெனவே இருக்கும் குறையை நானே முதலில் காட்டுவேன். நான் மறைக்கவில்லை என்று பார்த்தபிறகு அவரும் மறைப்பதில்லை, இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அதே நடையில் தண்ணீரின் மெயின் வால்வு எங்கே, மெயின் சுவிட்ச் எங்கே, கேஸ் எங்கே மூடுவது என்று காட்டி, அவர் கையாலேயே ஒரு முறை மூடித் திறக்கச் சொல்லுங்கள். ராத்திரி குழாய் பிய்த்துக்கொண்டு அடிக்கும்போது நீங்கள் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். வால்வில் ஒரு அட்டை கட்டி எழுதியும் வைத்திருக்கிறேன், வயதானவர்களுக்கு உதவும்.

அப்புறம் நான் சொல்கிற வாக்கியம், ஒவ்வொருவரிடமும் இதே வார்த்தைகளில்: "ஏதாவது சொட்டுனா, பொரிஞ்சா, புகைஞ்சா, வாசம் வந்தா அன்னைக்கே சொல்லுங்க. சொன்னதுக்காக உங்க மேல எந்தச் செலவும் விழாது. சொல்லாம விட்டாத்தான் விழும்." கடைசி வரியை ஒப்பந்தத்திலும் போட்டிருக்கிறேன்.

ஒப்பந்தத்தைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டாம், இருக்க வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும், உங்கள் ஊர்ச் சட்டப்படி பதிய வேண்டுமென்றால் பதிய வேண்டும். எத்தனை பேர் தங்குவார்கள், வாடகை எந்தத் தேதி எந்த வழியில், தண்ணீர் மின்சாரம் யார் கட்டுவது, பல்ப் வாஷர் மாதிரி சில்லறைச் செலவு யாருடையது, உள்வாடகை விடலாமா, காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், இவ்வளவும் தெளிவாக இருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை. வாடகையை வங்கி வழியாகவே வாங்குங்கள். ரொக்கமாக வாங்கினால் ரசீது கொடுங்கள், அது உங்களையும் காப்பாற்றும்.

ரிப்பேர்: இன்றைக்கா, இந்த வாரமா, சேர்த்து வைத்தா?

போன் வந்ததும் மூன்றில் எது என்று முடிவு செய்துவிடுவேன். தண்ணீர் ஒழுகல், மின்சாரம், கேஸ், பூட்டு, கழிவறை அடைப்பு இதெல்லாம் இன்றைக்கு. கீசர், ஜன்னல், கதவு இறங்கிப்போய்த் தட்டுவது இந்த வாரம். அழகு சம்பந்தப்பட்டது எல்லாம் சேர்த்து வைத்து, பெயின்டர் வரும்போது. எதில் சேர்ந்தது என்பதை அவரிடம் சொல்லிவிட வேண்டும், "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லக்கூடாது. வியாழக்கிழமை ஆள் வருவார் என்று சொன்னால் மனிதர்கள் பொறுமையாகக் காத்திருப்பார்கள்.

தண்ணீரை ஏன் இன்றைக்கே பார்க்க வேண்டும் என்றால், அது நிற்காது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு, இருபது முப்பது லிட்டர் ஆகிவிடும். அது குழாயில் போனால் பரவாயில்லை, சுவருக்குள் போனால்? ஈரமான பலகையும் சுவர்ப்பூச்சும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவில்லை என்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். பூஞ்சணத்தின் மேல் பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் தாங்கும், அப்புறம் அதே இடத்தில் அதே வடிவத்தில் திரும்ப வரும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் பெயின்டரைக் கூப்பிடாதீர்கள். நான் ஒரே சுவருக்கு மூன்று தடவை காசு கொடுத்திருக்கிறேன், மூன்றாவது தடவைதான் மேல்வீட்டு பாத்ரூம் டைல்ஸ் இடுக்கு என்று தெரிந்தது.

ஃப்ளஷ் டேங்க் கசிவு சத்தமே போடாது, தண்ணீர் பில் மட்டும் ஏறும். டேங்கில் நாலு சொட்டு கலர் பொடித் தண்ணீரை விட்டு, கால் மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டுப் பாருங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் உள்ளே ரப்பர் போய்விட்டது. ஐந்து நிமிட வேலை.

டேங்க் வைத்த கீசருக்குள் மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தான் கரைந்து போவதுதான் அதன் வேலை. அது முழுக்கக் கரைந்தபிறகு துரு டேங்கைத் தின்ன ஆரம்பிக்கும். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் சீக்கிரம் கரையும். சர்வீஸ்காரரிடம் கேட்டு அதை மாற்றிவிட்டால், கீசரையே மாற்றுகிற செலவு சில வருடம் தள்ளிப் போகும். நிறைய ஓனர்களுக்கு அப்படி ஒரு கம்பி இருப்பதே தெரியாது, எனக்கும் இரண்டு கீசர் போன பிறகுதான் தெரிந்தது.

இரண்டு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டவே கூடாது. ஒன்று, மின்கசிவு வந்தால் துண்டிக்கிற சுவிட்ச். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே அணைந்துவிடுகிற வகை வீடுகளுக்குப் போடுவார்கள், அதில் டெஸ்ட் பட்டன் இருக்கும், அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு, காற்றோட்டம் இல்லாத பாத்ரூமில் கேஸ் கீசர். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, குளிக்கப் போனவர் மயங்கி விழுந்த பிறகுதான் வெளியே தெரியும். என் வீடுகளில் அதைக் கழற்றியே விட்டேன், யார் கேட்டாலும் வைப்பதில்லை.

நல்ல பிளம்பர் ஒருவரும் எலக்ட்ரீஷியன் ஒருவரும் கையில் இருக்க வேண்டும், ஆளுக்கு ஒரு மாற்று ஆளும். அவர்களைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரே வழிதான் எனக்குத் தெரியும்: வேலை முடிந்த அன்றே காசு. அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிற ஓனருக்கு அவர்களும் அடுத்த வாரம்தான் வருவார்கள்.

வாடகை வரவில்லை என்றால்

மூன்றாம் நாள் போன் செய்யுங்கள். கோபமாக இல்லை, "பணம் வரலையே, ஏதாவது பிரச்சினையா?" என்று. பெரும்பாலும் மறதியாகவோ வங்கிக் கோளாறாகவோ இருக்கும். பிரச்சினை என்று சொன்னால் உட்கார்ந்து பேசுங்கள். ஒருவருக்கு வேலை போய்விட்டது, அவராகவே மாதம் பிறப்பதற்கு முன்னால் வந்து சொன்னார். மூன்று மாதம் பாதி வாடகை, மீதியை அடுத்த ஆறு மாதத்தில் பிரித்துத் தருவது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். ஏழாம் மாதத்திலேயே முடித்துவிட்டார், அதற்குப் பிறகும் நான்கு வருடம் இருந்தார். இன்னொருவர் போனையே எடுக்கவில்லை, நானும் "பாவம், கேட்க வேண்டாம்" என்று ஐந்து வாரம் விட்டேன். அவரிடமிருந்து முழுப் பணமும் வரவே இல்லை. இரக்கம் காட்டுவதென்றால் எழுத்தில் காட்டுங்கள், தேதி போட்டு.

ஆத்திரத்தில் தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தைப் பிடுங்குவது, பூட்டை மாற்றுவது, சாமானைத் தூக்கி வெளியே வைப்பது, இதெல்லாம் பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதம். வாடகை பாக்கி வைத்த அவர் மேல் நீங்கள் வழக்கு போட வேண்டிய இடத்தில், அவர் உங்கள் மேல் போடுவார். முறையாக நோட்டீஸ், அப்புறம் அதற்கான நீதிமன்றமோ தீர்ப்பாயமோ, மெதுவாகத்தான் நடக்கும், வேறு வழி இல்லை. அதனால்தான் ஆள் பார்க்கும்போதே அவ்வளவு மெனக்கெடச் சொன்னேன்.

சட்டத்தை நீங்களே ஒரு முறை படித்துவிடுங்கள், பக்கத்து வீட்டு ஓனர் சொல்வதை நம்பாதீர்கள். விதிகள் இடத்துக்கு இடம் ரொம்பவே மாறும். இங்கிலாந்தில் வாங்கிய முன்பணத்தை 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்தாக வேண்டும். ஜெர்மனியில் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது. கலிபோர்னியாவில் காலி செய்த 21 நாளுக்குள் கணக்கைக் காட்டி மீதியைத் திருப்ப வேண்டும். உங்கள் ஊரில் என்ன எண் என்று தெரியாமல் முன்பணத்தில் கை வைக்காதீர்கள். காப்பீட்டையும் எடுத்துப் படியுங்கள். நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கான பாலிசி வாடகை வீட்டுக்குப் பொருந்தாமல் போகலாம், வீடு 30 அல்லது 60 நாளுக்கு மேல் பூட்டிக் கிடந்தால் பல பாலிசிகளில் பாதுகாப்பு குறைந்துவிடும்.

அது இப்போது அவர் வீடு

நீங்கள் பிறந்து வளர்ந்த வீடாக இருக்கலாம், ஒவ்வொரு டைல்ஸும் நீங்கள் தேர்ந்தெடுத்ததாக இருக்கலாம். வாடகைக்குக் கொடுத்த பிறகு அழைப்பில்லாமல் போய்க் கதவைத் தட்டக்கூடாது. பல இடங்களில் 24 மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, இல்லாத இடத்திலும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை, நாள் பேசி வைத்துக்கொண்டு, கால் மணி நேரம் போவேன். சிங்க்குக்கு அடியில், கீசருக்கு அடியில், மேல்தளத்தில் தண்ணீர் தேங்குகிற மூலையில், இவ்வளவுதான் பார்ப்பேன். சுவரில் எத்தனை ஆணி, சோபாவை ஏன் அங்கே போட்டிருக்கிறார்கள், யார் வந்து தங்கியிருக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்க ஆரம்பித்தால் அடுத்த தடவை ஒழுகும்போது போன் வராது. அந்த வீட்டை அப்படி விட முடியாது என்று தோன்றினால் அதை வாடகைக்கு விடாதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

காலி செய்யும்போது

பொருள் தேய்வது வேறு, பொருளை உடைப்பது வேறு. நாலு வருடம் மனிதர்கள் நடந்தால் தரை மங்கும், சுவிட்சைச் சுற்றிக் கறை படியும், பெயின்ட் வெளுக்கும். அதற்கு வாடகை வாங்கிவிட்டீர்கள். வாஷ்பேசின் உடைந்திருந்தால், கதவில் ஓட்டை போட்டிருந்தால் அது வேறு. அதிலும் பொருளின் வயதைக் கழிக்க வேண்டும். சுவர்ப் பெயின்ட்டுக்கு ஐந்து வருடம் ஆயுள் என்று வைத்தால், நாலு வருடம் இருந்தவரின் குழந்தை சுவர் முழுக்கக் கிறுக்கியிருந்தாலும், ஐந்தில் ஒரு பங்குதான் நியாயமாகக் கேட்க முடியும். எப்படியும் அடுத்த வருடம் நீங்கள் அடித்திருக்க வேண்டிய பெயின்ட்தானே.

சாவி கொடுத்த நாளில் எடுத்த வீடியோவைப் போட்டு, அவரோடு அதே வரிசையில் நடந்து, பிடித்தம் இருந்தால் பில்லோடு எழுதிக் கொடுத்து, மீதியைச் சொன்ன தேதியில் அனுப்பிவிடுங்கள். இழுத்தடிக்கிற ஓனர் யார் என்று அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், அடுத்த ஆள் வீடு பார்க்க வரும்போது கீழே காவலாளியிடம்தான் முதலில் விசாரிப்பார்.

அவர்கள் போன பிறகு பெயின்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எல்லாக் குழாயையும் இறுக்க மூடுங்கள், ஃப்ளஷ் டேங்க் நிரம்பட்டும், மெயின் வால்வு மட்டும் திறந்திருக்கட்டும். தண்ணீர் மீட்டரைப் படம் எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வெளியே போய்விட்டு வாருங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது எண் கொஞ்சமாவது நகர்ந்திருந்தால் சுவருக்குள்ளோ தரைக்கு அடியிலோ எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. அன்றைக்கே பிளம்பரைக் கூப்பிடுங்கள். விளம்பரம் இரண்டு நாள் கழித்துப் போடலாம்.